தையல்காரம்மா தைத்த பட்டி

அத்தியாயம் 17

நீச்சல் குளத்திலிருந்து வாத்து என்கிற பையனை நீச்சல் மாஸ்டர் வெளியே அனுப்பிய கதையைப் போன வாரம் படித்தவர்கள் இந்த முதல் பகுதியைத் தாண்டிப் போய்விடலாம். மற்றவர்களுக்காகக் கொஞ்சம்.

தையல்காரம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவனுக்கு முப்பது வயது, லிஃப்ட் மெக்கானிக். இளையவனுக்குப் பதினைந்து. தண்ணீரைக் கண்டால் கரையேற மாட்டான் என்பதால் அண்ணன் வைத்த பெயர் வாத்து. அப்பா போய் எட்டு வருஷமாகிறது. மூத்தவனைக் கட்டிக்கொண்டு வந்த மருமகள் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். கல்யாணமாகி நான்கு வருஷம், குழந்தை இல்லை. அது யாருடைய குறை என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. கேட்காமலே முடிவு கட்டிவிட்டார்கள்.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் வாத்து அவள் கடைக்கு வந்து, கூட்டம் குறையும்வரை நின்று, வலி மாத்திரை கேட்டான். எங்கே வலி என்ற கேள்விக்குப் பதில் வர பத்து நிமிஷம் ஆயிற்று. விதைப்பையின் இடது பக்கம் கனமாக இருக்கிறதாம், சாயங்காலமானால் இழுக்கிறதாம், படுத்தால் போய்விடுகிறதாம். தொட்டால் உள்ளே புழு சுருண்டு கிடப்பது போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு, அழுதுவிடுவான் போல நின்றான்.

அவள்தான் அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். வேரிகோசீல் என்றார் டாக்டர். விதையிலிருந்து ரத்தம் மேலே திரும்பும் நாளங்களில் சின்னச் சின்னக் கதவுகள் உண்டு, அவை சரியாக மூடாவிட்டால் ரத்தம் கீழேயே தேங்கி நாளம் புடைத்துக்கொள்ளும், பெரும்பாலும் இடது பக்கம்தான் வரும், நூறு ஆண்களில் பதினைந்து பேருக்கு இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்று நிதானமாக விளக்கினார். உடனே கத்தி எடுக்கத் தேவையில்லை, ஆறு மாதம் பார்க்கலாம், விதை வளர்கிறதா என்பதுதான் முக்கியம், மறுபடி கூட்டி வாருங்கள் என்றார்.

'பார்க்கலாம்' என்ற சொல்லைத் தையல்காரம்மா 'ஒன்றுமில்லை' என்று எடுத்துக்கொண்டாள். அந்த ஆறு மாதம் இன்றைக்கு முடிகிறது.

*

மருமகள் காலையிலேயே துணி துவைத்துக் கொடியில் போட்டாள். இரண்டு சட்டை, அவளுடைய புடவை, துண்டுகள், கடைசியில் கணவன் மாற்றி மாற்றிக் கட்டும் இடுப்புப் பட்டிகளில் ஒன்று. கெட்டித் துணியில் அகல எலாஸ்டிக் வைத்து, இரட்டைத் தையல் போட்டு, இடது பக்கம் மூன்று கொக்கி வைத்தது. லிஃப்ட் வேலையில் கனம் தூக்க வேண்டியிருக்கிறது, இடுப்புக்குப் பிடிமானம் என்று கல்யாணமான புதிதில் அவன் சொன்னான். நான்கு வருஷமாக வாரம் இரண்டு தடவை அதைத் துவைக்கிறாள். தினமும் அதைவிட மோசமான பெல்ட்டுகளை நூற்றுக்கணக்கான ரூபாய்க்கு விற்பவள் என்பதால், மாமியாரின் தையலை மனதுக்குள் மெச்சிக்கொண்டதும் உண்டு.

முன்னறையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடச் சீருடை, நாற்பது கால்சட்டை, வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். வாத்து உடுத்திக்கொண்டு வாசலில் நின்றான்.

மறுபடியும் எதற்கு என்று தையல்காரம்மா மெஷினை நிறுத்தாமலே கேட்டாள். பையன் நன்றாகத்தானே இருக்கிறான், சாப்பிடுகிறான், தூங்குகிறான், வளர்கிற வயதில் ஆயிரம் இருக்கும், அதையெல்லாம் ஊரான் முன்னால் அவிழ்த்துக் காட்ட வேண்டுமா என்றாள். மருமகள், டாக்டர் வரச் சொன்ன நாள் இது, ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவோம் என்று மட்டும் சொன்னாள்.

அப்போதுதான் மெஷின் நின்றது.

"நாலு வருஷமா நீயும்தான் டாக்டர் டாக்டரா ஏறி இறங்குற. உனக்கு என்ன பண்ணிக் கிழிச்சாங்க?"

மருமகளுக்கு முகம் சுருங்கிவிட்டது. பதில் சொல்லத் தெரியாமல் இல்லை. வாத்து கேட்டுக்கொண்டு நிற்கிறானே என்று வாயை மூடிக்கொண்டு செருப்பை மாட்டினாள். இந்த மாதிரி எத்தனையோ காலைகளை அவள் விழுங்கியிருக்கிறாள்.

*

டாக்டர் அவளை வெளியே உட்காரச் சொன்னார். பையனுக்கு அதுதான் மரியாதை என்று அவளுக்குத் தெரியும்.

உள்ளே வாத்தை முதலில் நிற்க வைத்துப் பார்த்தார். மூச்சை அடக்கி வயிற்றை முக்கச் சொன்னார். நாளங்கள் கண்ணுக்கே தெரிந்தன. பிறகு படுக்கச் சொன்னார், வீக்கம் வடிந்தது. படுத்ததும் வடிவது நல்லது, வயிற்றுக்குள் வேறு எதுவும் அழுத்தவில்லை என்று அர்த்தம் என்று அவனுக்கே சொன்னார். அதன்பின் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு கயிற்றை எடுத்தார். சின்னதிலிருந்து பெரியதாக வரிசையாகக் கோத்த முட்டை வடிவ மணிகள், ஒவ்வொன்றிலும் எத்தனை மில்லி என்று ஓர் எண். ஒரு கையால் மணியையும் மறு கையால் விதையையும் தொட்டு அளவு பார்த்தார். இரண்டு தடவை பார்த்தார்.

வாத்து கூரையில் ஓடும் மின்விசிறியை எண்ணிக்கொண்டிருந்தான். மூன்று இறக்கைதான், ஆனாலும் எண்ணிக்கொண்டே இருந்தான்.

அவர் அளவெடுத்து முடித்தபிறகுதான் அவனுடைய இடுப்பைச் சுற்றியும் தொடையின் மேற்பகுதியிலும் பதிந்திருந்த சிவப்புத் தழும்பைப் பற்றிக் கேட்டார். வாத்து கழற்றி நாற்காலியில் வைத்திருந்ததை எடுத்துக் காட்டினான்.

ஸ்கேன் முடிந்து மருமகளை உள்ளே கூப்பிட்டபோது மேஜைமேல் அந்தப் பட்டி கிடந்தது.

போன தடவை வலது பக்கம் பத்து, இடது பக்கம் எட்டு என்றார் டாக்டர். இந்த ஆறு மாதத்தில் பையன் நான்கு சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறான், குரல் உடைந்திருக்கிறது, வலது பக்கம் பதினைந்து ஆகியிருக்கிறது. இடது பக்கம் அதே எட்டு. ஸ்கேனும் அதையேதான் சொல்கிறது. வலி மட்டும் என்றால் இன்னும் காத்திருக்கலாம், ஒரு பக்கம் வளராமல் நின்றுவிட்ட பிறகு காத்திருப்பது சரியில்லை.

"வளர்ற வயசு இன்னும் ரெண்டு மூணு வருஷம்தான். அதுக்குள்ள அந்தப் பக்கத்துக்கு நாம வழி விடணும். நாளைக்கே வாங்கன்னு சொல்லலை. ஆனா இந்த மாசத்தைத் தாண்ட வேண்டாம்."

அடிவயிற்றுக்குக் கீழே சின்னக் கீறல், மைக்ராஸ்கோப் வைத்து ஒழுகுகிற நாளங்களை மட்டும் கட்டிவிடுவார்கள், மறுநாள் வீட்டுக்குப் போகலாம். சில பேருக்குப் பிறகு நீர் கோத்துக்கொள்ளும், சில பேருக்குத் திரும்ப வரும், அதையும் மறைக்காமல் சொன்னார். நிறைய பையன்களுக்கு நின்றுபோன பக்கம் மறுபடி வளர்ந்து எட்டிப் பிடித்துவிடுகிறது. ஒன்றிரண்டு மாதத்தில் குளத்தில் குதிக்கலாம்.

மருமகள் எல்லாவற்றையும் கேட்டாள். கண் மட்டும் மேஜையைவிட்டு நகரவில்லை. கெட்டித் துணி, அகல எலாஸ்டிக், இரட்டைத் தையல். இடது பக்கம் மூன்று கொக்கி.

"இது யார் தெச்சது?" என்றார் டாக்டர். "தையல் அருமையா இருக்கு. லேசாப் பிடிமானம் இருந்தா வலி குறையும், தப்பில்லை. இவ்வளவு இறுக்கினா சதைதான் புண்ணாகும். எப்படிக் கட்டினாலும் நாளம் சரியாகாது. இதைக் கட்டிக்கிட்டு நல்லாயிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தாத்தான் ஆபத்து."

"அம்மா தெச்சாங்க," என்றான் வாத்து. "யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னாங்க. அண்ணனுக்கும் என் வயசுல இதே மாதிரி இருந்துச்சாம். இதே மாதிரி பட்டி தெச்சுக் கொடுத்துத்தான் சரியாச்சாம்."

மருமகள் கையை நீட்டிப் பட்டியின் கொக்கிகளைத் தொட்டுப் பார்த்தாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அண்ணன் தம்பிக்குள் இது சேர்ந்து வருவது உண்டு, அவருக்குக் குழந்தைகள் இருக்கிறார்களா என்று கேட்டார். அவள் இல்லை என்று தலையசைத்தாள். அதனால்தான் என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள் என்றார் அவர். இது இருக்கிற எத்தனையோ பேருக்குக் குழந்தை பிறக்கிறது, யாரைப் பாதிக்கும் என்பது பார்த்தால்தான் தெரியும். ஆகவே பார்க்க வேண்டும். அவள் கணவனுக்கு விந்துப் பரிசோதனை செய்ய லேப்புக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். வாத்தின் ஆபரேஷனுக்குச் சம்மதப் படிவம் ஒன்றும் கொடுத்தார்.

"அப்பா இல்லைன்னா அம்மாதான் கையெழுத்து போடணும். நீங்க போட்டாச் செல்லாது."

தாள்களையும் பட்டியையும் அவள் பைக்குள் வைத்தாள். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். விதைப்பைக்கான பெல்ட்டை அவளே எத்தனை பேருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறாள். வீட்டுக் கொடியில் தொங்கியதை மட்டும் அவள் இடுப்புக்கு என்று நம்பினாள், ஏனென்றால் சொன்னவன் கணவன்.

*

மூத்தவன் அன்றைக்கு ஒன்பது மாடி அலுவலகம் ஒன்றில் வேலையாயிருந்தான். லிஃப்டை நிறுத்தி வைத்துத்தான் சரிபார்க்க வேண்டும் என்பதால் வாத்தைக் கீழே காவலாளியின் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அவள் படியேறினாள். மூன்றாவது மாடிவரை அழுகை வந்தது. ஆறாவது மாடியில் அது நின்றுபோய்க் கோபம் வந்தது. ஒன்பதாவது மாடிக்கு மேலே, இரும்பு ஏணி வைத்த மெஷின் அறைக்குள் தலையை நீட்டியபோது அவளுக்கு மூச்சு மட்டும்தான் மிச்சமிருந்தது.

அவன் கயிற்றுச் சக்கரத்துக்கு கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் பயந்துவிட்டான். வாத்துக்கு என்ன என்றுதான் முதலில் கேட்டான். அதை அவனுக்கு வரவு வைக்க வேண்டும்.

அவள் டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். பிறகு பையிலிருந்து பட்டியை எடுத்து நீட்டினாள்.

"இது உங்களோடதா, வாத்தோடதா?"

அவன் வாங்கித் திருப்பிப் பார்த்தான். "வாத்தோடது. என்னோடதுல நடுக்கொக்கி மாத்தினது..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே தான் என்ன சொல்கிறோம் என்பது அவனுக்குப் புரிந்தது. எந்திரத்தைப் பார்க்கிற பழக்கத்தில் பதில் வந்துவிட்டது, திரும்ப எடுக்க முடியவில்லை. பட்டியை என்ன செய்வதென்று தெரியாமல் மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

"எப்போலேருந்து?"

"பதினஞ்சு வயசுலேருந்து."

"இடுப்புக்குன்னு சொன்னீங்க."

"ஆமா."

அதற்குமேல் அவனாகவே சொன்னான். பதினைந்து வயதில் வலி வந்தபோது அம்மாவிடம் சொன்னான். அப்போது அம்மா வாத்தை வயிற்றில் வைத்திருந்தாள், இத்தனை வருஷம் கழித்து மறுபடியும் உண்டானதற்கே வெட்கப்பட்டுக்கொண்டு வாசலுக்கு வராமலிருந்தாள். அப்பாவுக்குத் தெரிந்தால் நீ ஆம்பளையா என்று ஊர் கேட்கக் கத்துவார். அம்மா கால்சட்டையின் மேலேயே இஞ்சு டேப் வைத்து அளவெடுத்தாள், அன்றைக்கே தைத்துக் கொடுத்தாள். கட்டிக்கொண்டதும் வலி குறைந்தது. அவ்வளவுதான். வருஷத்துக்கு ஒரு பட்டி, இடுப்பு பெருக்கப் பெருக்க அம்மா அளவைக் கூட்டிக்கொண்டே வந்தாள்.

மருமகள் ஒரு இரும்புப் பெட்டிமேல் உட்கார்ந்தாள். இனி கேட்க வேண்டியது ஒன்றுதான். அதற்குப் பதில் அவளுக்குத் தெரிந்துவிட்டது, இருந்தாலும் கேட்டாள்.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி நீங்களும் டெஸ்ட் எடுத்ததாவும், எல்லாம் நார்மல்னும் சொன்னீங்களே."

அவன் கழிவுப் பஞ்சை எடுத்துக் கையைத் துடைக்க ஆரம்பித்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"போகலை," என்றான். "ரெண்டு தடவை லேப் வாசல் வரைக்கும் போனேன். உள்ளே போக முடியலை. தெரிஞ்சுட்டா என்ன பண்றதுன்னு பயமா இருந்துச்சு."

ரத்தம் எத்தனை தடவை கொடுத்தாள் என்று அவளுக்குக் கணக்கில்லை. ஸ்கேன் ஐந்து. கர்ப்பப்பைக்குள் சாயம் செலுத்தி எடுத்த எக்ஸ்ரே ஒன்று, அதற்குப் பிறகு இரண்டு நாள் நிமிர முடியவில்லை. அவளுடைய டாக்டர் ஃபைலில் 'கணவருக்குக் குறையில்லை' என்று அவள் சொல்லித்தான் எழுதினார். அவன் சொன்னதை அவள் சொன்னாள்.

"சாயம் விட்ட அன்னிக்கு உள்ள பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடந்தேன். நீங்க வெளிய உட்கார்ந்திருந்தீங்க. எனக்கு ஒண்ணுமில்லைன்னு ரிப்போர்ட் வந்துச்சே, அப்போ சந்தோஷப்பட்டீங்களா, பயந்தீங்களா?"

அவன் பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருந்தான். எந்தப் பதிலும் அவளுக்கு உதவியிருக்காது.

கீழே இரண்டாவது மாடியில் யாரோ லிஃப்டுக்காகக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் எழுந்தாள். என் கதை அப்புறம், இன்றைக்கு அத்தை கையெழுத்து போட வேண்டும், நான் சொன்னால் போட மாட்டார்கள், நீங்கள் வாயைத் திறக்க வேண்டும் என்றாள். பயமாக இருந்தாலும் திறக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னாள்.

*

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மூன்று பேரும் சேர்ந்து வீட்டுக்குள் நுழைந்ததே தையல்காரம்மாவுக்குப் பிடிக்கவில்லை. பெரியவன் இந்நேரத்துக்கு வருகிறவன் இல்லை. ஏதோ பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று கத்தரிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டாள். வெட்ட வேண்டிய துணியும் முன்னால் இருந்தது.

வாத்தை உள்ளறைக்குப் போகச் சொன்னார்கள். அவன் போனான். கதவைச் சாத்தவில்லை.

மருமகள் படிவத்தை வெட்டுகிற மேஜைமேல் வைத்து விஷயத்தைச் சொன்னாள். வலது பதினைந்து, இடது எட்டு. தையல்காரம்மாவுக்கு எண் என்றால் புரியும். இந்தத் தெருவில் யார் இடுப்பு எத்தனை அங்குலம், யாருக்கு ஒரு தோள் தாழ்ந்திருக்கிறது என்று கண்ணாலேயே சொல்லிவிடுவாள். இந்த இரண்டு எண்ணை மட்டும் அவள் காதில் வாங்கவில்லை.

அந்த இடத்தில் கத்தி வைக்க முடியாது என்றாள். வெளியே தெரிந்தால் நாளைக்கு எவன் அவனுக்குப் பெண் கொடுப்பான் என்றாள். மருந்துக்கடையில் பொட்டலம் கட்டுகிறவளெல்லாம் டாக்டராகிவிட்டாள் என்றாள். மூத்தவன் சுவரில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மருமகள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வாய் திறக்கவில்லை.

கடைசியில் ரகசியத்தைத் திறந்துவிட்டது தையல்காரம்மாதான்.

"பெரியவனுக்கும் இதேதான் இருந்துச்சு. ஆஸ்பத்திரின்னு அலையல, ஊரைக் கூட்டல. நான் ஒரு பட்டி தெச்சுச் சரி பண்ணேன். இப்போ அவனுக்கு என்ன குறைச்சல், நல்லாத்தானே இருக்கான்?"

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் பெருமை இருந்தது. பதினைந்து வருஷமாக யாரிடமும் சொல்ல முடியாமல் வைத்திருந்த பெருமை. யார் முன்னால் சொல்கிறோம் என்பதையே மறந்துவிட்டாள்.

"சரியாகலைம்மா," என்றான் மூத்தவன். "இன்னும் இருக்கு. இப்பவும் பட்டி இல்லாம என்னால சாயங்காலம் வரைக்கும் நிக்க முடியாது."

தையல்காரம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "அப்போ ஏன்டா அன்னிக்கே சொல்லலை?"

"சொன்னேனே. நீ தெச்சுக் கொடுத்த."

அவன் குரலை உயர்த்தவில்லை. குற்றம் சொல்வது போலக்கூட இல்லை. தையல்காரம்மா பக்கத்திலிருந்த மெஷின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவள் கண் முதலில் மகனைப் பார்த்தது, பிறகு மருமகளைப் பார்த்தது. நான்கு வருஷமாக அந்தப் பெண்ணைத் தான் என்னவெல்லாம் சொல்லியிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு ஒவ்வொன்றாக வந்திருக்க வேண்டும். காலையில் சொன்னதும் வந்திருக்க வேண்டும்.

"டெஸ்ட்டும் எடுக்கலைம்மா," என்றான் மூத்தவன். "எடுத்தேன்னு இவகிட்டப் பொய் சொன்னேன். நீ இவளைப் பேசினப்போ எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

இதைச் சொல்ல அவனுக்குத் தைரியம் வந்தது நல்லதுதான். மூன்று வருஷம் முன்னால் வந்திருந்தால் இன்னும் நல்லது. மருமகளுக்கு அதைக் கேட்டு ஆறுதலாக இல்லை, அவமானமாக இருந்தது. எல்லாம் தெரிந்தும் வாய் மூடி உட்கார்ந்திருந்த ஒருவனோடு ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறோமே என்று இருந்தது.

உள்ளறைக் கதவருகே வாத்து நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. அவன் அம்மாவைக் கேட்கவில்லை, அண்ணனைக் கேட்கவில்லை.

"அண்ணி, எனக்கும் குழந்தை பிறக்காதா?"

பதினைந்து வயதில் கேட்கக் கூடாத கேள்வி. அதைக் கேட்கும்போது அவனுடைய புதுக்குரல் நடுவில் உடைந்து, பழைய சின்னப் பிள்ளைக் குரலாகிவிட்டது.

மருமகள் அவன் பக்கத்தில் போனாள். தொடவில்லை. அவனுக்கு இப்போதெல்லாம் யாரும் தொட்டால் பிடிப்பதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

"அப்படி யாரும் சொல்லலைடா. இருக்கறவங்க நிறைய பேருக்குப் பிறக்குது. உனக்கு இருக்குன்னு நமக்குச் சீக்கிரம் தெரிஞ்சுபோச்சு, அதனால நேரம் இருக்கு. நீயே வந்து சொன்னேல்ல, அதனாலதான்."

"அண்ணனும்தான் சொல்லியிருக்கான்."

அவள் திரும்பித் தையல்காரம்மாவைப் பார்த்தாள்.

தையல்காரம்மா பேனா கேட்டாள். மூத்தவன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். கறுப்புத் துணியில் சாக்கட்டியால் ஒரே இழுப்பில் கோடு போடுகிற கை அது. அன்றைக்குத் தன் பெயரை எழுதும்போது மூன்று தடவை நின்றது. தேதி போட வேண்டிய இடத்தில் அவள் மகனின் வயதை எழுதிவிட்டாள். மருமகள் ஒன்றும் சொல்லாமல் அடித்துத் திருத்திக் காட்டினாள், பக்கத்தில் இன்னொரு தடவை கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

எத்தனை நாள் வலிக்கும் என்று தையல்காரம்மா கேட்டாள். நான்கைந்து நாள் என்றாள் மருமகள். பட்டி கட்ட வேண்டுமா என்று தையல்காரம்மா மறுபடி கேட்டாள், கேட்ட பிறகு கூசிப்போய்க் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலேயே கொடுப்பார்கள் என்று மருமகள் பதில் சொன்னாள்.

பிறகு அவள் பைக்குள்ளிருந்து இரண்டாவது தாளை எடுத்தாள். லேப் சீட்டு. கணவன் பெயர், நாளைய தேதி, காலை எட்டு மணி. அதைக் கணவன் கையில் கொடுத்தாள்.

"இதுக்கு யார் கையெழுத்தும் வேண்டாம். துணைக்கு நான் வரமாட்டேன். உள்ளே போறதா, வாசல்லேருந்து திரும்பறதான்னு நீங்களே பார்த்துக்கங்க."

அவன் தாளை வாங்கினான். படிக்காமல் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஏம்மா," என்றாள் தையல்காரம்மா. பேனாவை மூடி மேஜைமேல் வைத்தாள். "மத்தியானம் ஏதாவது சாப்பிட்டியா?"

கேட்டது காதில் விழுந்தது. மருமகள் பின்பக்கம் போனாள்.

கொடியில் எல்லாம் நன்றாகக் காய்ந்திருந்தது. இரண்டு சட்டை, புடவை, துண்டுகள் என ஒவ்வொன்றாக உருவித் தோளில் போட்டுக்கொண்டாள். கடைசியில் பட்டி. நான்கு வருஷப் பழக்கத்தில் கை அதை நோக்கி நீண்டது. கொக்கியைத் தொட்டதும் நின்றது. அதை அப்படியே தொங்கவிட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

கட்டில்மேல் துணிகளை மடித்தாள். அவனுடைய சட்டைகளை அலமாரியில் அடுக்கினாள். தன்னுடைய புடவையை அடுக்கவில்லை. அலமாரிக்கு மேலிருந்த பெட்டியை இறக்கி, தூசியைத் துடைத்து, திறந்தாள்.

"அண்ணி," என்று வாத்து வாசலிலிருந்து கூப்பிட்டான். "ஆபரேஷன் அன்னிக்கு நீங்க இருப்பீங்கல்ல?"

அவள் புடவையைக் கையில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

(தொடரும்)